வீட்டிற்கு எந்தக் கிளி?



கடலோர ஊர் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கங்களில் கடிதம் எழுதியிருக்கிறார். அவர் கணவர் வளைகுடா நாடொன்றில் பணிபுரிகிறார். 11 வயதில் ஒரு மகன், 6 வயதில் ஒரு மகள். இளைப்பு நோயுள்ள மாமியாரும் உடனிருக்கிறார். சென்ற விடுமுறைக்கு வந்த வாப்பா திரும்பிச் சென்றதிலிருந்து மகன் வீட்டில் யாருடனும் சரியாகப் பேசுவதில்லையாம். 'ஒரு பறவை வாங்கித் தாருங்கள், நானே பார்த்துக்கொள்கிறேன்' என்று தொலைபேசியில் வாப்பாவிடம் கேட்டிருக்கிறான், அவரும் இசைந்துவிட்டார். கடைக்குச் சென்றபோது கடைக்காரர் இரண்டு பறவைகளைக் காட்டியிருக்கிறார். ஒன்று 'லவ் பேர்ட்ஸ்', மற்றொன்று 'காக்டெயில்'. இரண்டாவதில் கண் திறந்து சில நாட்களே ஆன குஞ்சு ஒன்று இருப்பதாகவும், கையால் உணவூட்டி வளர்த்தால் தோளை விட்டு இறங்காது என்றும் ஊக்கப்படுத்தியிருக்கிறார். 'எதை வாங்குவது? மார்க்கத்தில் இதற்குத் தடையுண்டா? என் மாமிக்கு ஒன்றும் ஆகாதே?' என்பன சகோதரியின் வினாக்கள். இதே பொருளில் வேறு சில கடிதங்களும் வந்திருப்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நம் ஊர்க் கடைகளில் 'லவ் பேர்ட்ஸ்' என விற்கப்படும் பச்சை, நீலம், மஞ்சள் நிறச் சிறு கிளிகளின் உண்மைப் பெயர் பட்ஜெரிகர், சுருக்கமாகப் பட்ஜி. உண்மையான லவ் பேர்ட்ஸ் ஆப்பிரிக்காவைச் சேர்ந்த வேறோர் இனம். குட்டை வாலும் பருத்த அலகும் கொண்டது. 'காக்டெயில்' என்பதும் திரிபே. காக்கட்டீல் என்பதே அப்பறவையின் பெயர். மதுக் கலவை ஒன்றின் பெயரை நம் வீட்டுப் பிள்ளைகள் நாள்தோறும் வாயார அழைக்க நேர்ந்திருப்பது வேடிக்கைதான். சரியான பெயரைச் சொல்லிப் பழக்கினால் நலம்.

இரண்டுமே ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் பகுதிகளைத் தாயகமாகக் கொண்டவை. மழை பெய்து புல் விளையும் இடந்தேடிக் கூட்டங்கூட்டமாய் இடம்பெயர்ந்து வாழ்பவை. ஆங்கிலப் பறவையியல் அறிஞர் ஜான் கூல்ட் 1840ஆம் ஆண்டு பட்ஜிகளை உயிருடன் இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார். அங்கிருந்து அவை உலகெங்கும் வீடுகளுக்குள் பரவின. காட்டுப் பட்ஜி பச்சையும் மஞ்சளுமாய் இருக்கும். நீலமும் வெள்ளையும் கூண்டில் வளர்த்தோர் தேர்ந்தெடுத்துப் பெருக்கிய நிறங்கள். காக்கட்டீலும் அவ்வாறே: இயற்கையில் சாம்பல் நிறமும், கன்னத்தில் செம்மஞ்சள் பொட்டும் உடையது, கடைகளில் காணும் வெளிர்மஞ்சள் வகை 1950களில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் தோன்றியது. காக்கட்டீலின் தலையிலுள்ள கொண்டையைக் கண்டவுடனேயே அது காக்கட்டூ குடும்பத்தைச் சேர்ந்தது என ஊகித்துவிடலாம். அக்குடும்பத்தின் மிகச் சிறிய உறுப்பினர் அதுவே.

இவ்விரண்டையும் வளர்க்க நம் நாட்டில் சட்டத்தடை இல்லை. ஆனால் நம் மரங்களில் வாழும் பச்சைக்கிளியைப் பிடிப்பதும் விற்பதும் வாங்குவதும் வீட்டில் வைத்திருப்பதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றமாகும். 'எங்கள் உம்மம்மா காலத்தில் திண்ணையில் பச்சைக்கிளி இருந்ததே' என்று சிலர் கேட்கலாம். இருந்தது உண்மை; இன்று கூடாது. ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, மக்காவ் போன்ற பெரிய அயல்நாட்டுக் கிளிகளை வைத்திருப்போரும் 2022ஆம் ஆண்டின் சட்டத்திருத்தத்திற்குப் பின் அவற்றை அரசிடம் பதிவு செய்ய வேண்டும். பட்ஜியும் காக்கட்டீலும் அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தப் பட்டியலிலிருந்து விலக்கப்பட்டவை. ஆகவே அந்தக் கவலை இவற்றுக்கில்லை.

மார்க்கத்தைப் பற்றிய வினாவுக்கு வருகிறேன். அனஸ் (ரலி) அவர்களின் இளைய சகோதரர் அபூ உமைர் ஒரு சிறு குருவியை வைத்து விளையாடியதும், அக்குருவியைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் அச்சிறுவரிடம் பரிவும் நகைச்சுவையும் கலந்து விசாரித்ததும் புகாரி, முஸ்லிம் ஆகிய நூல்களில் பதிவான செய்தி. இதைக்கொண்டு பறவை வளர்ப்பு ஆகுமானது என ஆலிம்கள் பலர் கூறுவர். பூனையைக் கட்டிவைத்து, உணவும் தராமல், தானாக இரை தேடவும் விடாமல் சாகவிட்ட பெண் தண்டனைக்குள்ளான செய்தியும் அதே நூல்களில்தான் உள்ளது. ஆகவே, வளர்க்கலாம், பராமரிக்க இயலுமானால் வளர்க்கலாம். இயலுமா என்பதைக் கூண்டு வாங்குவதற்கு முன்பே எண்ணிப் பார்க்க வேண்டும். இதற்கு மேலும் ஐயமுடையோர் தம் ஊர் ஆலிம்களிடம் கேட்டுத் தெளியலாம்.

இனி, இயலுமா என்னும் வினாவையே எடுத்துக்கொள்வோம்.

பட்ஜியின் எடை 30 முதல் 40 கிராம். நீளம் 18 சென்டிமீட்டர் அளவு. காக்கட்டீல் 80 முதல் 100 கிராம் வரை இருக்கும். நீண்ட வாலையும் சேர்த்து 30 சென்டிமீட்டருக்கு மேல் நீளும். இந்த வேறுபாட்டைவிடப் பெரிய வேறுபாடு ஆயுளில் இருக்கிறது. நன்கு பராமரிக்கப்படும் பட்ஜி 5 முதல் 10 ஆண்டுகள் வாழும். காக்கட்டீல் 15 முதல் 20 ஆண்டுகள் வாழும். அதற்கு மேலும் வாழ்வதுண்டு. இதைக் கடைக்காரர் சொல்வதில்லை, வாங்குவோரும் கேட்பதில்லை. இன்று 11 வயதுள்ள மகன் காக்கட்டீல் ஒன்றைக் கொண்டுவந்தால், அப்பறவை முதுமையடையும்போது அவனுக்கு வயது முப்பதை நெருங்கும். அதற்குள் அவன் கல்லூரி விடுதிக்குச் சென்றிருப்பான். பெரும்பாலும் வாப்பாவைப் போலவே விமானமும் ஏறியிருப்பான். கூண்டு யாரிடம் இருக்கும்? உம்மாவிடம்தான். ஆகவே காக்கட்டீல் வாங்கும் தாய், 'இது மகனின் பறவை' என எண்ணாமல், 'இது என் பறவை' என எண்ணி வாங்குவதே நேர்மை.

குணத்திலும் இரண்டும் வேறு. பட்ஜி ஓயாத துறுதுறுப்பு. காலையில் விழித்தது முதல் மாலை வரை மெல்லிய குரலில் சலசலத்துக்கொண்டே இருக்கும். தன் இனத்தோடு இருப்பதையே அது பெரிதும் விரும்பும். பழகிய பட்ஜி விரலில் வந்து அமரும், தோளிலும் ஏறும். ஆனால் தடவிக் கொடுத்தால் நெளிந்து விலகும். காக்கட்டீல் அவ்வாறன்று. நன்கு பழகிய பறவை தானே தலையைக் குனிந்து, கொண்டையின் அடியைச் சொறிந்துவிடுமாறு கேட்கும். அருகில் ஒருவர் நூல் படித்துக்கொண்டிருந்தால் மணிக்கணக்கில் அவர் தோளில் அமைதியாய் அமர்ந்திருக்கும். அதன் மனநிலையைக் கொண்டையைப் பார்த்தே அறியலாம். நிமிர்ந்து நின்றால் திடுக்கிட்டிருக்கிறது. பாதி சாய்ந்திருந்தால் நிம்மதி. தலையோடு ஒட்டப் படிந்து, வாயிலிருந்து சீறலும் எழுந்தால் கையை எடுத்துக்கொள்வது நல்லது. சிறு பிள்ளைகளுக்கு இதைக் கற்றுக்கொடுத்துவிட்டால் கடி வாங்குவது பாதியாகக் குறையும். பட்ஜியின் கடி கிள்ளியது போலிருக்கும். காக்கட்டீல் வலுவாகக் கடித்தால் இரத்தம் வரும்.

பேச்சில் வெற்றி பட்ஜிக்கே. கலிஃபோர்னியாவில் வளர்ந்து 1994ஆம் ஆண்டில் இறந்த 'பக்' என்னும் ஆண் பட்ஜி 1,728 சொற்களை அறிந்திருந்ததாகக் கின்னஸ் நூல் பதிவு செய்துள்ளது. எல்லாப் பட்ஜியும் பக் ஆகிவிடாது; பல பறவைகள் ஒரு சொல்லும் பேசாமலே வாழ்ந்து முடிக்கும். பேசினாலும் அந்தக் குரல் மிக மென்மையாகவும் விரைவாகவும் இருப்பதால், உற்றுக் கேட்பவர்க்கே விளங்கும். காக்கட்டீலுக்குப் பேச்சைவிடச் சீழ்க்கை நன்றாக வரும். தெருவில் செல்லும் ஐஸ்காரரின் மணியோசையை ஒரே வாரத்தில் பிடித்துக்கொண்டு, உச்சி வெயிலில் பிள்ளைகளை வாசலுக்கு ஓடவைக்கும் பறவைகளும் உண்டு. இரண்டிலும் ஆண் பறவைகளே பேசவும் சீழ்க்கையடிக்கவும் வல்லவை. பெண் பறவைகள் பெரும்பாலும் மௌனிகள். (இவ்விடத்தில் ஆண்கள் யாரும் நம் இனத்தோடு ஒப்பிட வேண்டாம்.)

ஆண், பெண் அறிவது பட்ஜியில் எளிது. வளர்ந்த ஆணுக்கு மூக்கின் மேற்புறச் சதை நீலமாகவும், பெண்ணுக்குப் பழுப்பாகவோ வெளிறியோ இருக்கும். சில வெளிர்நிற வகைகளுக்கு மட்டும் இவ்விதி பொருந்தாது. சாம்பல் நிறக் காக்கட்டீலில் வளர்ந்த ஆணின் முகம் பளிச்சென மஞ்சளாய் இருக்கும். பெண்ணின் முகம் மங்கியும், வாலின் அடியில் வரிகளோடும் காணப்படும். குஞ்சுப் பருவத்தில் எல்லாமே பெண் போலத் தோன்றுவதால், 'இது ஆண்தான்' என்று அடித்துச் சொல்லும் கடைக்காரரை நம்புவதற்கில்லை.

இப்போது அந்தக் குஞ்சைப் பற்றி. சகோதரியின் கடிதத்தில் என்னை மிகவும் கவலைகொள்ளச் செய்தது இதுவே. தானாக உண்ணப் பழகாத குஞ்சை, ஒரு மாவுப் பொட்டலத்தையும் ஊசியில்லாத சிரிஞ்சையும் சேர்த்து விற்பது இன்று பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. 'நீங்களே ஊட்டி வளர்த்தால்தான் பாசம் வரும்' என்பது அவர்கள் சொல்லும் காரணம். இக்கூற்றை நம்பிப் பறவையை இழந்த வீடுகள் பல. கூழ் சற்றுச் சூடாக இருந்தால் தீனிப்பை வெந்துவிடும்; சூடு குறைந்தால் செரிக்காமல் புளித்துவிடும். சிரிஞ்சைத் தவறாகப் பிடித்தால் கூழ் மூச்சுக்குழலில் இறங்கிச் சில நொடிகளில் உயிர் போய்விடும். மூன்று வாரக் குஞ்சுக்கு ஒரு நாளில் நான்கைந்து முறை, தவறாத நேரத்தில் ஊட்ட வேண்டும். பள்ளிக்குச் செல்லும் சிறுவனுக்கு இது இயலுமா? தன் கையிலேயே குஞ்சு இறந்தது என்னும் நினைவை 11 வயதுப் பிள்ளைக்குக் கொடுக்க நாம் யாரும் விரும்பமாட்டோம். அன்பு வேண்டுமென்றால், தானாகத் தின்னப் பழகி, இறகு முழுதும் முளைத்த, எட்டு முதல் பத்து வாரமான பறவையை வாங்குங்கள். பழக்கியவரிடமே தின்னக் கற்ற இளம் பறவை, நாள்தோறும் அரைமணி நேரம் பொறுமையாக அருகமர்ந்து ஒரு தினைக்கதிரை நீட்டினால், சில வாரங்களில் உங்கள் கைக்கும் வந்துவிடும்.

அடுத்தது, மாமியாரின் இளைப்பு. இதில் இரண்டு பறவைகளுக்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. காக்கட்டீலின் உடலில் ஒருவகைத் தூள் இறகுகள் உண்டு. அவை ஓயாது உதிர்ந்து முகப்பவுடர் போன்ற வெண்தூளாய் அறையெங்கும் படியும். கருநிற மேசையை இன்று துடைத்தால் நாளையே அதில் விரலால் எழுதலாம். இளைப்பு, நாட்பட்ட இருமல், ஒவ்வாமை உடையோர் வாழும் வீட்டிற்கு இது ஏற்றதன்று. பட்ஜியிலும் தூளுண்டு, அளவில் மிகக் குறைவு. ஆனால் எச்சம் காய்ந்து எழும் தூசியும் இறகுத் தூளும் எந்தப் பறவையிலிருந்து வந்தாலும், நாள்பட மூச்சில் கலந்தால் சிலருக்கு நுரையீரல் அழற்சி உண்டாகும். 'பறவை வளர்ப்போர் நுரையீரல்' என்று மருத்துவர்கள் இதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். கூண்டின் அடித்தட்டில் பழைய செய்தித்தாளை விரித்து நாள்தோறும் மாற்றுவதும், உலர்த்திப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைப்பதும் தூசியைக் குறைக்கும்.

கிளிக் காய்ச்சல் என்னும் தொற்றையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். 1929–30இல் தென்னமெரிக்காவிலிருந்து ஏற்றுமதியான கிளிகளின் வழியே அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பரவிப் பலரைப் பலிகொண்ட நோய் இது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் வந்தபின் அஞ்சத்தக்கதாக இல்லை. டாக்சிசைக்ளின் கொடுத்தால் குணமாகிவிடும். ஆயினும் பறவை வளர்க்கும் வீட்டில் யாருக்கேனும் காய்ச்சலும் கடும் தலைவலியும் வறட்டு இருமலும் சேர்ந்து வந்தால், 'எங்கள் வீட்டில் கிளி இருக்கிறது' என்ற ஒரு வாக்கியத்தை மருத்துவரிடம் மறவாமல் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாதவரை அவர் சாதாரண நிமோனியா என்றே எண்ணக்கூடும்.

நம்மால் பறவைக்கு வரும் தீங்கு, பறவையால் நமக்கு வருவதைவிட அதிகம். வெள்ளிக்கிழமைதோறும் வீடு முழுதும் சாம்பிராணி போடுவது நம் வழக்கம். பறவையின் நுரையீரல் மிக நுட்பமானது, புகையைத் தாங்காது. சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவர்த்திச் சுருள், நறுமண ஸ்பிரே ஆகியவற்றுக்கும் கூண்டுக்கும் இடையே ஒரு சுவரும் ஒரு மூடிய கதவுமாவது இருக்க வேண்டும். ஒட்டாத தோசைக்கல் அடுப்பில் காய்ந்து அளவுக்கு மீறிச் சூடேறினால் அதிலிருந்து எழும் ஆவி நமக்கு வாசனையாகக்கூடத் தெரியாது; அடுத்த அறையில் உள்ள கிளியைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும். பறவை வளர்க்கும் வீட்டிற்குப் பழைய இரும்புத் தோசைக்கல்லே நல்லது. கூண்டைத் திறந்து பறவையைப் பறக்கவிடும் முன் மின்விசிறியை நிறுத்துவது, சன்னலை அடைப்பது, பூனை உள்ளே இல்லை என உறுதிசெய்வது ஆகிய மூன்றையும் பிள்ளைகள் பாடம் போல ஒப்பிக்க வேண்டும்.

ரமலான் மாதத்தைத் தனியே குறிப்பிட வேண்டும். இப்பறவைகளுக்கு நாளொன்றுக்குப் பத்து முதல் பன்னிரண்டு மணி நேரம் இருளும் அமைதியும் தேவை. தராவீஹ் முடிந்து வந்து பேசிக்கொண்டிருப்பதும், ஸஹருக்கு மூன்று மணிக்கே விளக்கேற்றிப் பாத்திரங்களை உருட்டுவதுமாக, ஒரு மாதம் முழுதும் கூண்டுள்ள அறையில் இரவே இல்லாமல் போய்விடுகிறது. பட்ஜி ஓரளவு தாங்கிக்கொள்ளும். காக்கட்டீலுக்கோ இரவில் திடீர் ஒளியோ ஓசையோ பட்டால் பேரச்சம் உண்டாகும். கூண்டுக்குள் தாறுமாறாய்ச் சிறகடித்து, இறகு முறிந்து இரத்தம் சிந்துவதுண்டு. ஒளி மிகுந்த நீண்ட பகல் என எண்ணிப் பெண் காக்கட்டீல் முட்டையிடவும் தொடங்கிவிடும். ஆகவே அம்மாதத்தில் யாரும் புழங்காத அறைக்குக் கூண்டை மாற்றி, காற்றுப் புகும் மெல்லிய துணியால் மூன்று பக்கம் மூடி, மங்கலான சிறு விளக்கொன்றை மட்டும் எரியவிடுங்கள்.

தனியாக வளரும் பெண் காக்கட்டீல் துணையின்றியே முட்டையிடும். அம்முட்டைகள் பொரியா. அவற்றை உடனே எடுத்துவிட்டால் ஈடுசெய்வதற்காக மேலும் மேலும் இட்டு, உடலிலுள்ள சுண்ணாம்புச் சத்தை இழந்து, கடைசியில் முட்டை வெளிவராமல் அடைபட்டு இறந்துவிடக்கூடும். தானாகச் சலித்து விலகும்வரை முட்டைகளை விட்டுவைப்பதே முறை. நாட்டு மருந்துக் கடையில் 'கடல் நுரை' என்று கேட்டால் கணவாய் ஓடு கிடைக்கும். அதைக் கூண்டில் கட்டித் தொங்கவிட்டால் இரு பறவைகளுக்கும் சுண்ணாம்புச் சத்து கிடைக்கும். அலகும் தேய்ந்து சீராக இருக்கும்.

குஞ்சு பொரிக்கச் செய்ய விரும்புவோர்க்கு ஒரு சொல். பட்ஜிக்குத் துளையிட்ட மண்பானையே போதும். நான்கு முதல் ஆறு முட்டைகளிட்டு, பெண் மட்டும் 18 நாட்கள் அடைகாக்கும். ஆண் அதற்கு இரை கொண்டுவந்து ஊட்டும். காக்கட்டீலில் இருவரும் பங்கிட்டுக்கொள்வர்: பகலில் பெரும்பாலும் ஆணும், இரவில் பெண்ணும் அடைகாக்கும். பார்ப்பதற்கு இனிய காட்சிதான். ஆனால் பிறக்கும் குஞ்சுகளை எங்கே கொண்டுபோவது என்று முன்னரே எண்ணாதவர்கள் பானையைத் தொங்கவிட வேண்டாம். பட்ஜிகள் பெருகும் வேகம் நம் கணக்குக்குள் அடங்காது.

உணவில் நம் வீடுகளில் நடக்கும் தவறு, ஒரு கிண்ணம் தினையை ஊற்றிவிட்டுப் போய்விடுவது. வெறும் தானியம் மட்டும் தின்னும் பறவை கொழுத்து, கல்லீரல் கெட்டு, ஏ வைட்டமின் குறைந்து, பாதி ஆயுளிலேயே மாண்டுவிடும். அயோடின் பற்றாமல் பட்ஜிக்குக் கழுத்துச் சுரப்பி வீங்குவதும் உண்டு. தினை, சாமை, கம்பு ஆகியவற்றோடு நாள்தோறும் முருங்கைக்கீரை, கொத்தமல்லி, துருவிய காரட், முளைகட்டிய பாசிப்பயறு, இளஞ்சோளம் இவற்றில் ஏதேனும் ஒன்றைக் கொடுங்கள். புதிதானதைக் கண்டு முதல் பத்து நாட்கள் விலகியே நிற்கும், விடாமல் வையுங்கள். காக்கட்டீலுக்குச் சூரியகாந்தி விதை என்றால் உயிர். அது கொழுப்பு மிகுந்தது; பழக்கும்போது பரிசாக ஒன்றிரண்டு போதும். வெண்ணெய்ப்பழம் எனப்படும் அவகேடோ, சாக்லேட், காப்பி, வெங்காயம், உப்பிட்ட தின்பண்டம் ஆகியவை இரண்டுக்கும் நஞ்சு. பிரியாணிச் சட்டியிலிருந்து ஒரு பருக்கை எடுத்து ஊட்டி மகிழும் மாமாக்களை அன்போடு தடுத்துவிடுங்கள்.

கூண்டு உயரத்தைவிட நீளத்தில் பெரிதாக இருக்க வேண்டும். இரு பட்ஜிகளுக்கு 75 சென்டிமீட்டர் நீளமும், காக்கட்டீலுக்கு 90 சென்டிமீட்டர் நீளமும் இருந்தால்தான் சிறகை விரிக்க இயலும். வட்டக் கூண்டு அழகுக்கு மட்டுமே. ஒரே பருமனுள்ள நெகிழிக் குச்சிகளை எடுத்துவிட்டு, வேப்பங்கிளை, கொய்யாக்கிளை ஆகியவற்றைக் கழுவி உலர்த்திக் கட்டுங்கள். கால்களும் நலமாக இருக்கும், கொறித்துப் பொழுதும் போகும். காக்கட்டீல் கூண்டு, தீனி, மருத்துவம் எல்லாவற்றிலும் பட்ஜியைவிடச் செலவு மிகுதி. பறவையின் விலையே பல மடங்கு.

நோயை இவை மறைத்துக்கொள்ளும். காட்டில் நலிந்ததைத்தான் வல்லூறு முதலில் பிடிக்கும் என்பதால் வந்த இயல்பு அது. இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஒரு மூலையில் அமர்ந்திருக்கிறதென நாம் காணும்போது நோய் முற்றியிருக்கும். சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை எடை பார்த்துக் குறித்துவைத்தால், கண்ணுக்குத் தெரியும் முன்பே குறைவு தெரிந்துவிடும். பறவைக்கு வைத்தியம் பார்க்கும் மருத்துவர் அருகில் யார் என்பதை வாங்குவதற்கு முன்பே விசாரித்துவையுங்கள். சென்னையில் இருப்போர்க்கு வேப்பேரிக் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. சிற்றூர்களில் இது எளிதன்று.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்க்கையில், பகலில் பெரியவர் ஒருவர் வீட்டிலிருந்து, மூச்சுத் தொல்லை யாருக்கும் இல்லாமல், இருபது ஆண்டுப் பொறுப்பை ஏற்கவும் மனமிருந்தால் நான் காக்கட்டீலையே சொல்வேன். மனிதருக்குத் தோழமை தருவதில் அதற்கு நிகராகச் சிறு கிளி வேறில்லை. கடிதம் எழுதிய சகோதரியின் மகன் தேடுவதும் அத்தகைய தோழமையையே என்பது எனக்குப் புரிகிறது. இருந்தும் அவர் வீட்டில் வாப்பும்மாவின் மூச்சு முதன்மையானது. ஆகவே காக்கட்டீல் வேண்டாம். அந்தக் குஞ்சும் கட்டாயம் வேண்டாம். முதலில் மாமியாருக்கு வைத்தியம் பார்க்கும் மருத்துவரிடம் கேளுங்கள். அவர் கூடாது என்றால் பேச்சு அத்தோடு முடிந்தது. மகனுக்கு ஒரு மீன்தொட்டி வாங்கிக் கொடுங்கள். அவர் இசைந்தால், இளம் ஆண் பட்ஜிகள் இரண்டை வாங்கி, மாமியாரின் அறைக்குத் தொலைவில், காற்றோட்டமுள்ள பின்தாழ்வாரத்தில், நேர்வெயில் படாத இடத்தில் கூண்டை வையுங்கள். ஆண்கள் இரண்டும் சண்டையின்றி வாழும். முட்டைத் தொல்லையும் இல்லை. இரண்டாக இருக்கும் பட்ஜிகள் மனிதரிடம் சற்று மெதுவாகவே பழகும் என்பது உண்மை. ஆனால் பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் ஏழெட்டு மணி நேரம் ஒற்றைப் பறவை யாரிடம் பேசும்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வளர்க்க இயலாமற்போனால், 'விடுதலை செய்தால் நன்மை' எனக் கருதி மொட்டைமாடியிலிருந்து பறக்கவிடும் வழக்கம் சிலரிடம் உள்ளது. நம் ஊரில் பிறந்து கூண்டிலேயே வளர்ந்த பட்ஜிக்கு இரை தேடவும் தெரியாது, காகத்துக்கும் வல்லூறுக்கும் தப்பவும் தெரியாது. பெரும்பாலானவை ஓரிரு நாட்களுக்குள் பசியாலோ காகங்களாலோ இறந்துவிடும். உம்ராவுக்கோ ஊருக்கோ செல்லும்போதும், பராமரிப்பை நிறுத்த நேரும்போதும், பறவை வளர்த்துப் பழகிய ஒருவரிடம் கூண்டோடு ஒப்படையுங்கள். அப்படி ஒருவர் உங்கள் தெருவில் இருக்கிறாரா என்பதை மகனையே விசாரித்து வரச் சொல்லுங்கள், சகோதரி. கடைக்குப் போவதற்கு முன் அவன் செய்ய வேண்டிய முதல் வேலையாக அது இருக்கட்டும்.